காஞ்சிபுரத்தில் ‘சொசைட்டி’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

‘சொசைட்டி’ என்னும் ஆங்கிலச் சொல் இரண்டு பொருள்களை ஒருசேரத் தருவது. மக்கள் கூடி வாழும் வாழ்க்கை முழுவதையும் அது குறிக்கும். ஒரு நோக்கத்திற்காகச் சிலர் சேர்ந்து அமைத்த அமைப்பையும் குறிக்கும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வழக்கில் இச்சொல் இரண்டாம் பொருளிலேயே, அதிலும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்னும் ஒரு வகையிலேயே நிலைபெற்றுள்ளது. பெயர்ப்பலகையில் ‘கூட்டுறவுச் சங்கம்’ என்னும் தமிழ்த்தொடர் இருக்க, பேச்சில் ஆங்கிலச் சொல் நின்றது ஏன் என்பதையும், அது நெசவாளருக்கும் அவர் உறுப்பினராக உள்ள அமைப்புக்கும் இடையிலான உறவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சொசைட்டி, சங்கம், கூட்டுறவு, காஞ்சிபுரம், பட்டு நெசவு, கடன்சொல்

1. முன்னுரை

பிறமொழிச் சொல் ஒன்று தமிழில் வந்து வழங்கும்போது அதன் மூலமொழிப் பொருள்கள் அனைத்தும் உடன் வருவதில்லை. ஏற்கும் மொழியில் எந்த இடம் வெற்றிடமாக இருக்கிறதோ அந்த இடத்திற்குரிய பொருள் மட்டும் தங்குகிறது, ஏனையவை உதிர்ந்துவிடுகின்றன. ஆகவே, கடன்சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடுவது போதாது. அச்சொல் எந்த நிறுவனத்தோடு வந்தது, யார் வாயில் வழங்கியது, அதே இடத்தில் வேறு எந்தச் சொற்கள் இருந்தன என்பவற்றையும் காண வேண்டும்.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலில் ஆங்கிலச் சொற்கள் பல வழங்குகின்றன. ‘ஜக்கார்டு’, ‘டிசைன்’, ‘பார்டர்’ போன்றவை கருவியையும் துணியின் பகுதிகளையும் குறிப்பவை. ‘ரிபேட்’ விற்பனையைச் சார்ந்தது. ‘சொசைட்டி’ இவற்றினின்றும் வேறானது. அது பொருளின் பெயரன்று. மனிதர்களுக்கு இடையிலான ஓர் ஏற்பாட்டின் பெயர். ‘சொசைட்டித் தறி’, ‘சொசைட்டிப் புடவை’, ‘சொசைட்டிக்கு நெய்கிறார்’ என்னும் வழக்குகளில் அது தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றும், புணர்ச்சியில் வல்லினம் மிகப்பெற்றும் தமிழ்ச் சொல்லாகவே நடக்கிறது.

2. ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொற்களும்

தோழன் அல்லது கூட்டாளி என்று பொருள்படும் ‘சோசியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது இச்சொல். தோழமை, கூட்டு, பதிவுபெற்ற அமைப்பு, மனிதர் கூடி வாழும் முழு வாழ்வு, உயர்குடியினர் வட்டம் என ஆங்கிலத்தில் இதன் பொருள்கள் விரிந்தன.

தமிழில் இப்பொருள்கள் வெவ்வேறு சொற்களுக்குப் பங்கிடப்பட்டன. முழு வாழ்வைக் குறிக்கச் ‘சமூகம்’, ‘சமுதாயம்’ என்பன வழங்கின. இவற்றுள் ‘சமூகம்’ என்பது பேச்சில் சாதியையும் குறிக்கும். அமைப்பைக் குறிக்கச் ‘சபை’, ‘சங்கம்’, ‘சமாஜம்’ முதலியன பயன்பட்டன. 1884-இல் தோன்றிய அரசியல் அமைப்பு சென்னை மகாஜன ‘சபை’ எனப்பட்டது. 1901-இல் மதுரையில் தோன்றியது தமிழ்ச் ‘சங்கம்’. அடையாற்றில் தலைமையிடம் கொண்ட ‘தியோசாபிகல் சொசைட்டி’ தமிழில் பிரம்மஞான ‘சபை’ ஆயிற்று. எனவே, ஆங்கிலச் சொல் வருவதற்கு முன்பே அதன் இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருந்தன.

காஞ்சியில் இந்நிலைக்குத் தொன்மையான பின்னணியும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளர்க்கு ஊரகத்துக் கோயிலின் நிர்வாகத்தில் இருந்த பொறுப்பைக் காட்டுகிறது. நெசவாளர் குழுவாக இயங்குவதும், பொதுப்பொருளுக்குப் பொறுப்பேற்பதும் காஞ்சிக்குப் புதியன அல்ல. புதிதாக வந்தது, அரசின் சட்டத்தால் பதிவுசெய்யப்பட்டு, பங்குத்தொகையும் கணக்கும் தணிக்கையும் கொண்டு இயங்கும் ஓர் அமைப்பு வடிவம். அவ்வடிவத்தோடு வந்த பெயரே ‘சொசைட்டி’.

3. சட்டத்தின் வழி வந்த சொல்

இவ்வடிவத்தின் முன்மாதிரி இங்கிலாந்தில் நெசவாளர் ஊர் ஒன்றிலேயே உருவாயிற்று. 1844-இல் இராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய ‘முன்னோடிகள் சொசைட்டி’ நவீனக் கூட்டுறவின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அந்த 28 பேருள் கம்பளித்துணி நெசவாளரும் இருந்தனர். அங்கு ‘சொசைட்டி’ என்பது உறுப்பினர் தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொண்ட பெயர்.

சென்னை மாகாணத்தில் சொல் வந்த வழி வேறு. உழவரின் கடன் சுமைக்குத் தீர்வு காண அரசால் அமர்த்தப்பட்ட பிரெடரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் தம் அறிக்கையின் பகுதிகளை அளித்தார். செருமனியில் இரைபைசன் வளர்த்த ஊர்க் கடன் சங்க முறையை அவர் பரிந்துரைத்தார். இம்மாகாணத்தில் முன்பே இருந்த ‘நிதி’களையும் அவர் ஆராய்ந்தார். 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு அவ்வகையைச் சேர்ந்தது. ‘நிதி’, ‘பண்டு’ என்னும் சொற்கள் அப்போதே மக்கள் வழக்கில் இருந்தமையால், புதிய அமைப்பு அவற்றினின்றும் வேறுபட்ட பெயரைக் கொள்ள நேர்ந்தது.

1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்றது. சங்கங்களை ஊர்ப்புறம், நகர்ப்புறம் என இருவகைப்படுத்தியது. அச்சட்டத்தின்கீழ் இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவாயிற்று. அது பதிவான ஊர், அன்றைய ஆங்கில ஆவணங்களில் ‘காஞ்சீவரம்’ எனப்பட்ட காஞ்சிபுரமே. அது கடன் வழங்கும் சங்கம்; நெசவுச் சங்கம் அன்று. எனினும், சட்டப் பொருளிலான ‘சொசைட்டி’ இந்தியாவில் முதலில் வேரூன்றிய நகரங்களுள் காஞ்சி ஒன்று என்பது இதனால் உறுதியாகிறது.

1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டமே உற்பத்தி, விற்பனை முதலிய நோக்கங்களுக்கும் வழி திறந்தது. நெசவாளர் உற்பத்திச் சங்கங்கள் தோன்ற அதுவே அடிப்படை. அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பதிவுபெறாத எவரும் தம் வணிகப் பெயரில் ‘கோ-ஆப்பரேட்டிவ்’ என்னும் சொல்லை அரசின் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தது. ‘சொசைட்டி’ என்னும் சொல்லுக்கு அத்தகைய காப்பு இல்லை; 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இலக்கிய, அறிவியல், அறப்பணி அமைப்புகளும் அப்பெயரைத் தாங்கின.

சட்டம் காத்த சொல் ஒன்று. மக்கள் வைத்துக்கொண்ட சொல் மற்றொன்று. ‘கோ-ஆப்பரேட்டிவ் சொசைட்டி’ என்னும் நெடுந்தொடர் பேச்சில் இரண்டாகப் பிரிந்தது. முற்பகுதி ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்னும் விற்பனை நிறுவனத்தின் பெயரில் நிலைத்தது. 1935-இல் மாகாண நெசவாளர் சங்கமாகத் தொடங்கப்பெற்ற தலைமைச் சங்கம் அது. பிற்பகுதி, நூலையும் சரிகையையும் கொடுத்துப் புடவையைப் பெற்றுக்கொள்ளும் உள்ளூர்ச் சங்கத்தின் பெயராயிற்று. விற்கும் இடம் ‘கோ-ஆப்’. நெய்விக்கும் இடம் ‘சொசைட்டி’.

4. ‘சங்கம்’ இருக்கச் ‘சொசைட்டி’ ஏன்?

பதிவு ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் காஞ்சியின் அமைப்புகள் ‘பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம்’ என்றே உள்ளன. காமாட்சி அம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களை அவை தாங்கியுள்ளன. இருப்பினும் ‘சங்கம்’ என்னும் சொல் பேச்சில் அவற்றுக்கு உரியதாகவில்லை. இதற்கு மூன்று காரணங்களைக் கருதலாம்.

முதலாவது, ‘சங்கம்’ வேறு பொருளில் முன்பே நிலைத்திருந்தமை. நெசவாளரிடையே சாதிச் சங்கங்கள் இருந்தன. செங்குந்த மகாஜன சங்கம் இதற்குச் சான்று. கூலி உயர்வுக்காகக் குரல் கொடுத்த தொழிற்சங்கமும் ‘சங்கம்’ எனப்பட்டது. ஒரே நெசவாளர் சாதிச் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கக்கூடிய ஊரில், மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பது இயலாது. பேசும் இடம் ‘சங்கம்’. பாவும் ஊடையும் கூலியும் தரும் இடம் ‘சொசைட்டி’ எனப் பொருள் பிரிந்தது.

இரண்டாவது, காஞ்சியின் பன்மொழிச் சூழல். தமிழ் பேசும் செங்குந்தரோடு, வீட்டில் தெலுங்கு பேசும் பத்மசாலியரும், தெலுங்கோ கன்னடமோ பேசும் தேவாங்கரும் இத்தொழிலில் உள்ளனர். எந்த வீட்டு மொழிக்கும் உரியதல்லாத ஆங்கிலச் சொல் எல்லா வீடுகளிலும் ஒரே வடிவில் வழங்க எளிதாக இருந்தது எனலாம்.

மூன்றாவது, அலுவலக மொழியின் செல்வாக்கு. பதிவாளர், தணிக்கையாளர், ஆய்வாளர் ஆகியோர் கையாண்ட கோப்புகள் நெடுங்காலம் ஆங்கிலத்தில் இருந்தன. அமைப்பு அரசின் வழியே வந்தமையால் பெயரும் அவ்வழியே வந்தது.

இக்காரணங்களின் வலிமையை இலங்கைத் தமிழ் வழக்கோடு ஒப்பிட்டு அறியலாம். இலங்கையிலும் பிரித்தானியர் ஆட்சியில், 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கூட்டுறவு இயக்கம் தொடங்கிற்று. ஆனால் அங்கு மக்கள் பேச்சில் ‘சங்கக்கடை’ என்னும் சொல்லே கூட்டுறவுக் கடையைக் குறித்தது. ஒரே மொழியில், ஒரே வகைச் சட்டத்தின்கீழ் எழுந்த அமைப்புக்கு ஓரிடத்தில் தமிழில் வேரூன்றிய சொல்லும், மற்றோரிடத்தில் ஆங்கிலச் சொல்லும் அமைந்தன. ஆகவே, அமைப்பு அயலிலிருந்து வந்தது என்பது மட்டுமே பெயர் அயலாக இருப்பதற்குக் காரணமாகாது; உள்ளூர்ச் சொற்களிடையே நிகழ்ந்த இடப்பங்கீடும் காரணமாகிறது.

5. உறுப்பினரா, வேலையாளா?

சட்டத்தின்படி சொசைட்டி என்பது அதன் உறுப்பினரே. நெசவாளர் பங்கு வாங்குகிறார், வாக்களிக்கிறார், ஆதாயத்தில் உரிமை உடையவர் ஆகிறார். பேச்சு வழக்கு வேறு உறவைக் காட்டுகிறது. ‘முதலாளிக்கு நெய்கிறார்’ என்பதும் ‘சொசைட்டிக்கு நெய்கிறார்’ என்பதும் ஒரே தொடரமைப்பு உடையவை. இரண்டிலும் நான்காம் வேற்றுமை, நெசவாளருக்குப் புறம்பான ஒருவரை அல்லது ஒன்றைச் சுட்டுகிறது. ‘சொசைட்டி நூல் கொடுத்தது’, ‘சொசைட்டி கூலி போட்டது’ என்னும் தொடர்களில் அது படர்க்கை எழுவாய். ‘நாங்கள்’ என்னும் தன்மைப் பன்மை அமைய வேண்டிய இடத்தில் ‘அது’ அமைகிறது. உறுப்பினர் பெறும் பணத்தின் பெயரும் ‘கூலி’ என்பதே. தமக்கு உரிமையுள்ள நிறுவனத்தில் தாமே கூலி பெறுபவர் என்னும் முரண் இச்சொல்லாட்சியில் வெளிப்படையாக உள்ளது.

இவ்வழக்கு நெசவாளரின் அறியாமையால் விளைந்ததன்று; அமைப்பின் வரலாறு அதற்குக் காரணம். 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆலைத்துணி மீது விதிக்கப்பட்ட கூடுதல் வரியிலிருந்து கைத்தறி வளர்ச்சிக்கு நிதி கிடைத்தது. நெசவாளர் சங்கத்தில் சேரச் செலுத்த வேண்டிய பங்குத்தொகைக்கே அரசு கடன் வழங்கிற்று. ஏழை நெசவாளருக்கு இது கதவைத் திறந்தது. அதே வேளையில், உரிமையின் அடையாளமான பங்கே அரசின் கடனாக வந்தமையால், சொசைட்டி தாம் கட்டிய வீடு என்பதைவிட அரசு கொடுத்த திட்டம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

பின்னர் நிகழ்ந்தவை அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தின. 1976-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் அகற்றப்பட்டுத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். பொதுத்தேர்தல் நடைபெற 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. 2013-இல் மாநில அளவில் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. இருபது ஆண்டுகள் வாக்களிக்காத உறுப்பினர் தம் அமைப்பைப் படர்க்கையில் பேசியது இயல்பே. 2011-ஆம் ஆண்டின் 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை 19-ஆம் பிரிவின்கீழ் அடிப்படை உரிமையாக்கியது. சட்டத்தின் மொழி உரிமையை நோக்கி நகர்ந்தபோதும், தறியருகே வழங்கும் மொழி அதனுடன் நகரவில்லை.

எனினும், இதனை இழப்பாக மட்டும் கருதுவது நேர்மையாகாது. கூட்டுறவுக்கு முன் பட்டு நெசவாளரின் நிலை முன்பணத்தால் கட்டுண்டது. முதலாளியிடம் பெற்ற முன்பணம் தீரும்வரை வேறு ஒருவருக்கு நெய்ய இயலாது. கூலியை அவரே முடிவுசெய்தார். சொசைட்டி வந்தபின் கூலி விகிதம் வெளிப்படையாயிற்று. சிக்கன நிதி, போனஸ் முதலியவை கிடைத்தன. முதலாளிகளும் சொசைட்டிக் கூலியை அளவுகோலாகக் கொள்ளும் நிலை உண்டாயிற்று. காஞ்சியின் பட்டு நெசவுக் கூட்டுறவுகளைப் பற்றி இவோன் ஆர்ட்டர்பர்ன் 1982-இல் வெளியிட்ட நூல், ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே கொண்டிருக்கிறது. ‘சொசைட்டிக்கு நெய்கிறார்’ என்னும் தொடரில் விலகல் இருப்பது போலவே, ‘முதலாளிக்கு அன்று’ என்னும் விடுதலையும் உள்ளடங்கியிருக்கிறது.

வாங்குவோர் வாயில் இச்சொல்லுக்கு மூன்றாவது நிறம் உண்டு. ‘சொசைட்டிப் புடவை’ என்றால் பட்டும் சரிகையும் கலப்பற்றவை என்னும் நம்பிக்கை அதில் அடங்கும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு வழங்கப்படுமுன்பே, தர உறுதியின் பணியை இச்சொல் வாய்மொழியாகச் செய்துவந்தது. சட்டத்தில் உறுப்பினர் கூட்டு, நெசவாளரிடம் வேலை தரும் இடம், வாங்குவோரிடம் தரத்தின் முத்திரை என ஒரே சொல் மூவரிடம் மூன்று பொருளில் வழங்குகிறது.

6. ரஷ்ய மொழி தரும் ஒப்பீடு

ஒரு சொல்லின் பொருள் அமைப்பின் உடைமை நிலையோடு சேர்ந்து நகர்வது காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. ரஷ்ய மொழியில் ஆங்கிலச் ‘சொசைட்டி’க்கு நிகரான ‘ஒப்ஷ்செஸ்த்வோ’ என்னும் சொல், ‘பொது’ என்னும் பொருளுடைய அடியிலிருந்து பிறந்தது. முழுச் சமூகத்தையும் பதிவுபெற்ற சங்கத்தையும் அது ஒருங்கே குறிக்கும். எனவே, ஆங்கிலச் சொல்லைக் கற்கும் ரஷ்யருக்கு இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் இருப்பது வியப்பளிக்காது. தமிழருக்கோ அவை இரு வேறு சொற்கள்.

கைவினைஞர் கூட்டுக்கு ரஷ்யாவில் ‘அர்த்தேல்’ என்னும் பழஞ்சொல் இருந்தது. சோவியத் ஆட்சியிலும் நீடித்த கைத்தொழில் அர்த்தேல்கள் 1956 முதல் 1960 வரையிலான காலத்தில் அரசு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. 1988-இல் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்ச் சிறு தொழில்கள் பெருகியபோது, ‘கோப்பெரத்தீவ்’ என்னும் சொல் மக்கள் பேச்சில் தனியார் தொழில் என்னும் பொருளைப் பெற்றது. கூட்டுறவைக் குறித்த சொல் அங்குத் தனியுடைமையின் பக்கம் சாய்ந்தது. காஞ்சியில் அது அரசின் பக்கம் சாய்ந்தது. திசைகள் வேறாயினும் விதி ஒன்றே: அமைப்பை யார் நடத்துகிறார் என மக்கள் காண்கிறார்களோ, அதற்கேற்ப அதன் பெயரின் பொருள் அமைகிறது.

7. முடிவுரை

தமிழில் ‘சங்கம்’, ‘சபை’, ‘சமூகம்’ ஆகியன முன்பே தத்தம் இடங்களில் நிலைத்திருந்தமையால், ‘சொசைட்டி’ காஞ்சியில் எஞ்சிய ஓர் இடத்தை, அதாவது சட்டத்தால் பதிவாகி நூலும் கூலியும் தரும் நெசவாளர் அமைப்பைக் குறிக்கும் இடத்தை மட்டும் ஏற்றது. நகரங்களில் ஆங்கிலம் கலந்து பேசுவோர் மதிப்பையும் அந்தஸ்தையும் சுட்ட இச்சொல்லை வழங்குவதுண்டு. அப்பொருள் தறியின் அருகே வந்து கலக்கவில்லை.

இச்சொல்லை நீக்கித் ‘தூய’ தமிழ்ச்சொல்லை இடுவதால் மட்டும் உறவு மாறிவிடாது. ‘கூட்டுறவுச் சங்கம்’ என்னும் தமிழ்த்தொடர் பல்லாண்டுகளாகப் பலகையில் இருந்தும் ‘நாங்கள்’ என்னும் உணர்வைப் பேச்சில் தோற்றுவிக்கவில்லை. ‘சொசைட்டிக்கு நெய்கிறோம்’ என்பது ‘எங்கள் சொசைட்டியில் நெய்கிறோம்’ என மாறுவது சொல்லாக்கத்தால் நிகழ்வதன்று; தேர்தலும் கணக்கும் முடிவெடுக்கும் பொறுப்பும் உறுப்பினர் கைக்கு வருவதால் நிகழ்வது. தோழன் என்னும் பொருளில் தொடங்கிய சொல், தறிக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு மீண்டும் அப்பொருளைத் தருமா என்பதற்கு விடை அகராதியில் இல்லை. அந்த அமைப்பின் நடைமுறையில் இருக்கிறது.